குப்பம்மாளுக்கு வந்த ஒன்பது கடிதங்கள்

போன மாதம் அஸ்வினி எனக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். ஆவணக் காப்பகத்தில் கிழிந்த காகிதங்களைச் சரிசெய்யும் பிரிவில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். படத்தில் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. பென்சிலால் மராத்தியில் மூன்று வரி. 'ஒன்பது கடிதங்கள். வேறொருவருக்கு வந்தவை. உரியவர் கையில் சேர்க்கப்பட்டன.' அதற்குக் கீழே, காப்பகத்தின் புதிய இணையதளத்தில் போட்டிருக்கும் விளக்கம்: 'எழுத்தாளரின் கையெழுத்தில் ஒரு குறிப்பு.'

படம் வந்த கையோடு போனும் வந்தது.

"பாத்தீங்களா தாயி?" தாயி என்றால் மராத்தியில் அக்கா. "ஒரு ஆராய்ச்சிப் பொண்ணு இதை வச்சு கருத்தரங்குல கட்டுரையே படிச்சுட்டா. தன் சமையல்காரிக்கு வந்த கடிதங்களை அந்த அம்மா எவ்வளவு பொறுப்பா கொண்டுபோய் சேர்த்தாங்க, எவ்வளவு பெரிய மனசுன்னு. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் அங்கதான் உக்காந்திருந்தேன்."

"நீயும் தட்டினியா?"

"பக்கத்துல டைரக்டர் இருந்தாரு தாயி."

எனக்கு வந்த எரிச்சலில் அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை. அந்தச் சீட்டை எழுதியவர் என் மேலதிகாரி குல்கர்ணி சார். அவர் கையெழுத்தை இருபது வருடத்துக்கு மேல் பார்த்தவள் நான். அவர் அதை எழுதியபோது எழுத்தாளர் இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. செத்தவர் எப்படிச் சீட்டு எழுதுவார் என்று ஸ்கேன் செய்த கம்பெனிக்கும் தோன்றவில்லை, கை தட்டியவர்களுக்கும் தோன்றவில்லை. நான் மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று முறையும் 'உங்கள் புகார் தீர்த்துவைக்கப்பட்டது' என்று ஒரு இயந்திரம் பதில் போட்டது. இணையதளத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

இந்த நேரத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு 'வேலை அனுபவம்' எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். சரி, இங்கேயாவது நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அந்த எழுத்தாளரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நல்ல எழுத்தாளர். சமையலறையிலேயே வாழ்ந்து முடிந்த பெண்களைப் பற்றி அவர் எழுதிய கதைகளைப் படித்து நானே அழுதிருக்கிறேன். அதுதான் எரிச்சலைக் கூட்டுகிறது.

நான் தாபோடியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ராணுவப் பொறியியல் கல்லூரியின் பட்டறையில் ஃபிட்டர். சொந்த ஊர் ஆம்பூர்ப் பக்கம். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, கடையில் இந்தி. தமிழ் படிக்கக் கற்றது அம்மாவிடம். அவள் சமைக்கும்போது வாரப் பத்திரிகைத் தொடர்கதையை நான் உரக்கப் படிக்க வேண்டும். தப்பாகப் படித்தால் கரண்டி நீளும். பள்ளிப்படிப்பு முடிந்து, தட்டச்சு முடிந்து, இரண்டு வருடம் வேலை தேடி, கடைசியில் காப்பகத்தில் மெண்டர் வேலை கிடைத்தது. மெண்டர் என்றால் கிழிந்த தாளை ஒட்டுபவர். மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய தாள், ஒரு பிரஷ், எலும்பில் செய்த மழுங்கல் கத்தி. முதல் ஒரு வருடம் பழைய கடிதங்களிலிருந்து துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றியதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

பழைய காகிதத்துக்கு எதிரி கரையான் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை எதிரி பாசமுள்ள குடும்பத்தார்தான். தாத்தாவின் கடிதத்தைப் பத்திரப்படுத்துகிறேன் என்று செல்லோ டேப் ஒட்டிக்கொண்டு வருவார்கள். டேப்பின் பசை தாளுக்குள் இறங்கி, எழுத்தெல்லாம் எண்ணெய்ப் பலகாரம் மடித்த காகிதம் மாதிரி ஆகியிருக்கும். லேமினேஷன் செய்துகொண்டு வந்து, "எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க" என்று என்னிடமே காட்டுவார்கள். முப்பத்து நான்கு வருடம் நான் பல்லைக் கடித்த கடியில் பின்பல் இரண்டு தேய்ந்துவிட்டதாகப் பல் டாக்டர் சொல்கிறார்.

குல்கர்ணி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்லவர் என்று சொல்லி முடித்துவிட முடியாது. அவருடன் வேலை பார்ப்பது ஒரு தண்டனை. அவர் பேசும் மராத்தி அச்சடித்த புத்தகம் மாதிரி இருக்கும். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். நான் சேர்ந்த புதிதில் 'மிஸ்'. கல்யாணம் ஆன மறுநாளிலிருந்து 'மிஸஸ் முருகேசன்'. காலையில் அறைக்குள் நுழையுமுன் கை கழுவ வேண்டும். கழுவினால் போதாது. வாசலில் ஒரு மை ஒற்றும் தாள் இருக்கும். அதில் உள்ளங்கையை அழுத்தி எடுக்க வேண்டும். தாளில் எண்ணெயோ ஈரமோ கொஞ்சம் தெரிந்தாலும், அவர் ஒன்றும் சொல்லாமல் குழாய்ப் பக்கம் பார்ப்பார். திரும்பப் போய்க் கழுவ வேண்டும். மழைக்காலத்தில் கை காயவே காயாது. ஒரு ஆடி மாதக் காலையில் நான்கு முறை கழுவிவிட்டு வந்து, "சார், கையை வேணும்னா வீட்டுல வச்சுட்டு வரட்டுமா?" என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "அது சாத்தியமில்லை, மிஸஸ் முருகேசன்" என்றார்.

பேனாவுக்கு அறைக்குள் அனுமதி இல்லை. பென்சிலை பிளேடால் சீவித் தானே எல்லோருக்கும் கொடுப்பார். கடிதம் ஒன்று மேசைக்கு வந்தால் உடனே கை வைக்கக் கூடாது. முதலில் முகவரி. பிறகு மடிப்பு, தாள், மை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது கடைசி. அதுவும் எங்கள் வேலை இல்லை. "யாருடையது என்று தெரியாத பொருளைத் தொட நமக்கு உரிமை கிடையாது" என்பார். இதை வாரம் ஒருமுறை சொல்வார். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

அந்த எழுத்தாளரின் டிரங்குப் பெட்டி வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அவருடைய மகன் ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. அந்த அம்மா கணவரின் அலுவலகப் படிவங்களின் பின்பக்கத்தில்தான் கதை எழுதியிருக்கிறார். ஒவ்வொரு அத்தியாயத்தையும் வெள்ளை நூலால் தைத்திருந்தார். அடித்த வரிகளுக்கு மேல் புது வரியைத் துண்டுத் தாளில் எழுதி ஒட்டியிருந்தார். சில இடங்களில் மூன்று அடுக்கு. எனக்குப் பெரிய வேலை, பிடித்த வேலையும்கூட.

பெட்டியின் அடியில், பழைய புடவைக் கிழிசலில் சுற்றி, ஒன்பது நீல நிற இன்லண்ட் லெட்டர்கள் இருந்தன. தாளே உறையாக மடித்து ஓரம் ஒட்டி அனுப்புவோமே, அதே இன்லண்ட். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. முகவரி ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில், தபாலாபீசில் யாரோ எழுதிக் கொடுத்தது போல: 'குப்பம்மாள்', கீழே எழுத்தாளரின் பெயரும் வீட்டு முகவரியும். பின்பக்கம் தமிழில்: 'அனுப்புவது வள்ளியம்மாள், குடியாத்தம்.'

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். பட்டியலில் நான் எழுதியது இது: 'இன்லண்ட் கடிதங்கள், 9, பிரிக்கப்படாதவை, தென்னிந்திய லிபி.'

தமிழ் என்று எழுதவில்லை. எழுதினால் 'மிஸஸ் முருகேசன் படித்துச் சொல்லட்டும்' என்று என் தலையில் விழும். ஏற்கெனவே மேசையில் மலையாக வேலை. வீட்டில் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. மதராசி என்பதால் எந்தத் தெற்கத்திச் சமாசாரம் வந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். தெலுங்குக் கல்யாணப் பத்திரிகையைக்கூட என்னிடம் நீட்டியிருக்கிறார்கள். அதனால் இரண்டு வார்த்தையில் ஒதுங்கிக்கொண்டேன். பிரிக்காத கடிதங்களில் காப்பக முத்திரை குத்தக் கூடாது என்று குல்கர்ணி சார் சொன்னார். அட்டை மடிப்பில் வைத்து அலமாரியில் ஏற்றினோம். ஏழு வருடம் போயிற்று.

புதிதாக ஒரு இயக்குநர் வந்தார். வேறு துறையிலிருந்து வந்தவர். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய வேண்டும், அதற்கு முன் தேவையில்லாததைக் கழிக்க வேண்டும் என்று ஒரு குழு போட்டார். ஒருநாள் ஸ்கேன் கம்பெனியின் மேற்பார்வையாளர் அந்த ஒன்பது கடிதங்களோடு என் மேசைக்கு வந்தார்.

"மேடம், இது பிரிக்காம இருக்கு. மெஷின்ல வைக்க முடியாது. ஓரத்தை கட் பண்ணிடலாமா?"

"எதை வச்சு?"

"கட்டர் இருக்கே."

அவர் கையில் இருந்த பட்டியலை வாங்கிப் பார்த்தேன். 'தென்னிந்திய லிபி' என்று நான் எழுதியதற்கு எதிரே குழு எழுதியிருந்தது: 'ஆய்வு மதிப்பு இல்லை. வெட்டி ஸ்கேன் செய்யவும், அல்லது கழிக்கவும்.' கீழே மூன்று கையெழுத்து. மூன்று பேரில் ஒருவருக்கும் அந்த லிபி என்னவென்று தெரியாது. தெரிந்த ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருந்தாள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அந்த மேற்பார்வையாளர் மேல் கத்தினேன். பாவம், அவர் கட்டரைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கடிதங்களை எடுத்துக்கொண்டு குல்கர்ணி சாரிடம் போனேன். அவர் ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. பட்டியலை வாங்கி, கண்ணாடியை இறக்கிவைத்துப் பார்த்தார்.

"தென்னிந்திய லிபி என்று எழுதியிருப்பது யாருடைய கையெழுத்து?"

"என்னுடையது, சார்."

"இது எந்த லிபி?"

"தமிழ்."

"இது தமிழ் என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது?"

"அன்னைக்கே தெரியும், சார்."

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இழுப்பறையைத் திறந்து ரப்பரை எடுத்தார். அந்த இரண்டு வார்த்தையையும் மெதுவாக, ஒரே திசையில், தாள் பிசிராமல் அழித்தார். பிரஷால் துகளைத் தட்டினார். பென்சிலை என்னிடம் நீட்டினார். நான் 'தமிழ்' என்று எழுதினேன். "உங்கள் சுருக்கொப்பம். இன்றைய தேதி" என்றார். போட்டேன். இரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும். அந்த அறையில் நான் வாங்கிய அடி அது ஒன்றுதான்.

"முகவரியில் இருக்கும் இந்த அம்மாள் எங்கே?" என்றார்.

எழுத்தாளரின் மகனுக்குப் போன் செய்தேன்.

"குப்பம்மாவா? நான் ஸ்கூல் படிக்கும்போது எங்க வீட்டுல சமைச்சாங்க. அம்மாகூட ஏதோ லீவு விஷயத்துல சண்டை. ஒருநாள் கிளம்பிப் போயிட்டாங்க. அப்புறம் லெட்டர் வந்துக்கிட்டே இருந்தது. வந்து வாங்கிக்குவாங்கன்னு அம்மா எடுத்து வச்சாங்க."

"எங்க போனாங்கன்னு தெரியாதா?"

"தேஹு ரோடு. மிலிட்டரி டிப்போல வேலை செய்யற சொந்தக்காரங்க வீடு."

"தெரியுமா உங்களுக்கு?"

"எல்லாருக்கும் தெரியும். ஆனா அவ்வளவு தூரம் யாரு போறது தாயி?"

தேஹு ரோடு லோக்கல் ரயிலில் தாபோடியைத் தாண்டி ஐந்தாவது நிறுத்தம். அந்த அம்மா கடிதங்களைத் தூக்கிப் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. பத்திரமாகத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். முக்கால் மணி நேரம் ரயிலில் போக மட்டும் அந்த வீட்டில் ஒருவருக்கும் கால் எழவில்லை. ஆனால் அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? அந்தக் கடிதங்களை அலமாரியில் வைத்துவிட்டு ஏழு வருடம் தினமும் அதே ரயிலில் தாபோடி வீட்டுக்குப் போனவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை தேஹு ரோட்டில் இறங்கி, ஸ்டேஷன் எதிரே இட்லிக் கடையில் விசாரித்தேன். மூன்று குப்பம்மாள்களைச் சொன்னார்கள். இரண்டாவது ஆள் சரியாக இருந்தார். மார்க்கெட்டுக்குப் பின்னால் சின்ன வீடு. நாத்தனார் மகன் தண்டபாணியோடு இருந்தார். அவர் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குப்பம்மாளுக்கு எழுபது தாண்டியிருக்கும். வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, ஆபீசா? ரேஷன் கார்டுக்குத்தான் போன மாசமே பேப்பர் குடுத்தாச்சே."

"அது இல்ல பெரியம்மா. நீங்க முன்னாடி வேலை செஞ்ச எழுத்தாளர் வீட்டுல உங்களுக்கு வந்த லெட்டரு கொஞ்சம் இருக்கு."

"எனக்கு யாரு லெட்டரு போடப் போறா? எனக்குப் படிக்கவும் தெரியாது." பூண்டை உரிப்பதை அவர் நிறுத்தவில்லை. "இருந்தது ஒரு தங்கச்சி. எங்கம்மா செத்ததுக்குக்கூட ஒரு வரி எழுதிப் போடல அவ. மூணு மாசம் கழிச்சு ஊருக்காரன் ஒருத்தன் சொல்லித்தான் தெரிஞ்சிகினேன். போய்க் கேட்டா, எழுதுனேன், ஒம்போது எழுதுனேன்னு வாய் கூசாம சொல்றா. பொய்காரின்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்துட்டேன். முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. அவ வாசப்படி மிதிக்கல."

"தங்கச்சி பேரு வள்ளியம்மாளா?"

அவர் கை நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எத்தினி லெட்டரு?" என்றார்.

"ஒம்போது."

திங்கட்கிழமை இயக்குநரின் அறையில் நானும் குல்கர்ணி சாரும் நின்றோம். நடந்ததைச் சொன்னதும் இயக்குநருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"அருமையான கதை! பிரித்து மொழிபெயர்த்துக் கண்காட்சியில் வைப்போம். எழுத்தாளரின் வீட்டில் ஒரு பணிப்பெண்ணின் கடிதங்கள். அந்த அம்மாளையும் மேடைக்குக் கூப்பிடலாம். சால்வை போடலாம்."

"கடிதங்கள் அவருடையவை. திருப்பிக் கொடுக்க வேண்டும்" என்றார் குல்கர்ணி சார்.

"காப்பகத்திலிருந்து ஒரு பொருளை வெளியே அனுப்புவதென்றால் தலைமை அலுவலக அனுமதி வேண்டும். குழு கூட வேண்டும். அடுத்த கூட்டம் தீபாவளிக்குப் பிறகு."

வெட்டிப் போடுவதற்கு மூன்று கையெழுத்து ஒரே மத்தியானத்தில் கிடைத்தது. உரியவரிடம் கொடுப்பதற்கு தீபாவளி வரவேண்டும். நான் வாயைத் திறக்கப்போனேன். குல்கர்ணி சார் கையை லேசாக உயர்த்தினார். கொடைப் பத்திரத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை மேசையில் விரித்து ஒரு வரியின் கீழ் பென்சிலின் பின்முனையை வைத்தார்.

"மகன் நமக்குக் கொடுத்தது 'என் தாயாரின் காகிதங்கள்'. இந்தக் கடிதங்கள் அவர் தாயாருடையவை அல்ல. அவருடையதல்லாததை அவர் கொடுக்க முடியாது, நாம் வாங்கவும் முடியாது. ஆகவே நாம் இவற்றைப் பெறவே இல்லை. பெறாத பொருளை வெளியே அனுப்ப அனுமதி தேவையில்லை. இது முகவரி மாறி வந்த தபால்."

"நாளைக்கு யாராவது கேட்டால்?"

"எழுத்தில் பதில் தருவேன்."

"சாஹேப், ஓய்வுக்கு நாலு மாதம்தான் இருக்கு. பென்ஷன் காகிதமெல்லாம் என் வழியாகத்தான் போகணும்."

"தெரியும். அதற்குள் இதைச் சேர்த்துவிடலாம்" என்றார் குல்கர்ணி சார், ரயில் நேரம் சொல்வது போல.

அவருடைய பென்ஷன் காகிதம் பிறகு எட்டு மாதம் இழுத்தது. எனக்கு 'அலுவலக நடைமுறைக்கு முரணாக' என்று ஆரம்பிக்கும் ஒரு மெமோ வந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன். எழுத்தாளரின் மகன், தன் தாயின் பெயரைக் கெடுக்கப் பார்க்கிறோம் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதினார். அந்த அம்மாவின் பெயரை நாங்கள் யாரிடமும் எடுக்கவே இல்லை.

அந்த வாரமே குல்கர்ணி சார் சீட்டை எழுதி, கடிதங்கள் இருந்த அட்டை மடிப்பில் வைத்தார். ஒன்பது கடிதங்களையும் தபால் முத்திரைத் தேதி பார்த்து வரிசையாக அடுக்கி, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து நாடாவால் கட்டினார். பெறுகைப் பதிவேடு, மை ஒற்றும் தாள், எலும்புக் கத்தி எல்லாம் பைக்குள் போயிற்று. லோக்கலில் உட்கார இடம் கிடைத்தும் தேஹு ரோடு வரை நின்றுகொண்டே வந்தார்; பை நசுங்கிவிடுமாம்.

குப்பம்மாள் அவருக்கு நாற்காலி போடச் சொன்னார். "பைட்டியே சாப்" என்று இந்தியில் உட்காரச் சொன்னார். பதிவேட்டில் கைநாட்டு வைத்தார். நான் எலும்புக் கத்தியை எடுத்தேன். பழைய பசை, ஓரத்தில் துளி ஈரம் வைத்து இரண்டு நிமிடம் காத்திருந்து மெல்லத் தூக்கினால் ஒரு நார்கூடப் பிரியாமல் வரும். அதை அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் அவர் முதல் கடிதத்தை எடுத்து, ஆள்காட்டி விரலை ஓரத்தில் நுழைத்து, சர்ரென்று கிழித்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குல்கர்ணி சாரின் கை தானாக முன்னால் வந்து, பாதியில் நின்று, மடிக்குத் திரும்பியது.

"அவருடைய கடிதம்" என்றார் மெதுவாக; எனக்கா தனக்கா, தெரியவில்லை.

"படிம்மா" என்று என்னிடம் நீட்டினார் குப்பம்மாள்.

வள்ளியம்மாள் ஐந்தாவது வரை படித்தவர் போலிருக்கிறது. புள்ளி இல்லாமல், வரிக்கு வரி சேர்த்து எழுதியிருந்தார். நான் தட்டுத் தடுமாறிப் படித்தேன். முதல் கடிதத்தில் ஆடு இரண்டு குட்டி போட்டதும், பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலியைத் தள்ளி நட்டதும்தான் இருந்தன. குப்பம்மாள் "அவனுங்க அப்பிடித்தான்" என்று தலையாட்டினார், வேலி நேற்றுத்தான் நகர்ந்தது போல. மூன்றாவதில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். ஐந்தாவதில் இப்படி இருந்தது: 'தபால்காரர் மணி சத்தம் கேட்டால் குப்பு எழுதியிருக்கிறாளா பார் என்று அம்மா தினமும் கேட்கிறது. நான் நாளைக்கு வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.'

"அந்த வரிய இன்னொருக்கா படி."

படித்தேன். அவர் இன்னொரு தரம் கேட்டார். மறுபடி படித்தேன். குல்கர்ணி சாருக்கு ஒரு வார்த்தையும் புரியாது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஏழாவதில் அம்மா இறந்துபோயிருந்தாள். 'வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டது. நீ வருவதற்குள் மூன்று நாள் ஆகும், அதுவரை வைக்க முடியாது என்று மாமா சொல்லிவிட்டார். என் மேல் கோபப்படாதே.' ஒன்பதாவது நான்கு வரி. 'இது ஒன்பதாவது கடிதம். நீ ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று தெரியவில்லை. இனிமேல் எழுத மாட்டேன். நீ நன்றாக இரு.'

குப்பம்மாள் அழவில்லை. தாள்களை வாங்கி முழங்காலில் வைத்து உள்ளங்கையால் நீவினார்.

"பத்து நாள் லீவு கேட்டேன், அம்மாவப் பாத்துட்டு வரேன்னு. புஸ்தகம் முடியட்டும்னு சொன்னாங்க. கோவத்துல வேலைய விட்டுட்டு இங்க வந்தா, நாத்தனார் படுத்த படுக்கை. அத்தப் பாத்துகினே ஒரு வருசம் ஓடிப்போச்சு." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "டேய் தண்டபாணி, வள்ளி வீட்டு நம்பரு உன்னாண்ட இருக்கா?"

"கல்யாணத்துக்குப் பத்திரிகை வச்சப்ப வாங்குனது இருக்கு, அத்தே. நீதான் போடக் கூடாதுன்ன."

"இப்ப போடு."

அவர் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் வைத்து, போனைக் குப்பம்மாள் கையில் கொடுத்தார். நீண்ட நேரம் மணி அடித்தது.

"யாரு?" என்றது ஒரு கரகரத்த குரல்.

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

"உங்கக்கா."

குப்பம்மாள் போனை இன்னும் கிட்டத்தில் பிடித்துக்கொண்டார்.

"இன்னா வேணும்?"

"லெட்டரு வந்துச்சுடி."

"எந்த லெட்டரு?"

"நீ போட்டது. ஒம்போதும்."

"எப்ப?"

"இன்னைக்கு."

அந்தக் குரல் உடைந்துகொண்டு வந்தது. "எழுதுனேன் எழுதுனேன்னு அன்னைக்கு வாசல்ல நின்னு தலையில அடிச்சிகினு சொன்னேனே. ஊரே வேடிக்கை பாத்துச்சு. எம் புள்ளைங்க முன்னாடி பொய்காரின்னு சொல்லிட்டுப் போனியே."

"சொன்னேன்."

"எம்மேல சத்தியம்னு சொன்னேன். அதையும் நம்பல நீ."

"நம்பல. தப்புதான்டி. எம்மேலதான் தப்பு." இப்போதுதான் குப்பம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்தது. முந்தானையால் அழுத்தித் துடைத்தார். இரண்டு பக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. தண்டபாணி எழுந்து உள்ளே போய்விட்டார். பிறகு குப்பம்மாளின் குரல் திடீரென்று ஏறியது.

"ஆனா நீ ஏன்டி அந்த வீட்டுக்கே போட்டுகினு இருந்த? நான் வேலைய விட்டுட்டேன், தேஹு ரோட்டுக்குப் போடுன்னு ஏழுமலைகிட்ட சொல்லி அனுப்புனேன் இல்ல?"

"ஏழுமலைகிட்டயா? சொல்லி அனுப்ப உனக்கு வேற ஆளே கிடைக்கலியா? அரக்கோணத்துல எறங்காம, குடிச்சிட்டு மெட்ராஸ் வரைக்கும் தூங்கிகினு போனவன் அவன்!"

"அவன் குடிப்பான்னு எனக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்! எழுத்துத் தெரியலன்னா வேற யாரையாவது வச்சி ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாம் இல்ல?"

"எனக்கு இங்க தமிழ்ல எழுத யாருடி இருந்தாங்க?"

"தேஹு ரோட்டுல பாதி ஊரு நம்ம ஊருதான்னு சொல்றாங்க!"

குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. குல்கர்ணி சார் கவலையோடு என் பக்கம் சாய்ந்தார்.

"சண்டையா, மிஸஸ் முருகேசன்?"

"ஆமாம் சார்."

"கடிதங்களைப் பற்றியா?"

"ஏழுமலைன்னு ஒருத்தரைப் பத்தி." எனக்கும் கேட்க வேண்டும் போலிருந்தது. "பெரியம்மா, அந்த ஏழுமலை இப்ப இருக்காரா?"

குப்பம்மாள் போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"செத்து இருபது வருசம் ஆச்சு. இருந்திருந்தான்னா இன்னைக்கு செத்திருப்பான்."

சொல்லிவிட்டுக் கையை எடுத்தார். "உம், நீ சொல்லுடி" என்றார்.